ஓதுவாரும் தாளமும்

சீகாழிக்கு அணித்தாயுள்ள திருக்கோலக்கா என்னுந் திருப்பதியின் வரலாற்றைச் சைவ அன்பர் யாவரும் அறிவர். மூன்றாம் ஆண்டில் ஞானப்பாலுண்ட ஆளுடைய பிள்ளையார், மறுநாள் அத்திருப்பதிக்கு எழுந்தருளித் தளிர்போலுந் தம் கைகளால் தாளமொத்திப் பாடியருளினர். அம் மென்கைகள் நோகுமே என்று இறைவன் திருவுளமிரங்கித் திருவைந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அளித்தருளினன். அத்தாளத்திற்கு ஓசை தந்தவர் அம்மையார் ஆதலின், இன்றும் ஆண்டு எழுந்தருளியுள்ள அம்மைக்கு ஓசை கொடுத்த நாயகி என்பதே திருப்பெயராக வழங்குகின்றது. ஆகவே, தேவாரத்திற்குத் தாளமென்பது பிற்காலத்து இசைவாணர் பூட்டிய அணிகலன் அன்று. பாட்டுப் பிறந்ததற்கு மறுநாளே அதனோடு வந்து சேர்ந்தது அது.

இங்ஙனமாகவும், தேவாரம் பாடுதலையே தொழிலாகவுடைய ஓதுவார் ஒருவர் தாளத்தில் தளர்ச்சியுடையராயிருந்தார் என்றால், கேட்போர் வியப்புறுவர். சோழ நாட்டிற் காவிரித் தென்கரையில் பாடல்பெற்ற தலமொன்றில் திருமுறை விண்ணப்பஞ் செய்யும் பணி அவருடையது. அவர் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. இளமையில் ஆதீனத்துத் தேவாரப் பாடசாலையொன்றில் ஐந்தாண்டு பயின்று, இருபதாம் வயதில் அக்கோயிற் பணியேற்று, முப்பதாண்டுக்கு மேலாக ஒருநாளும் வழுவாது செய்து வந்தவர்.

அவருடைய பாட்டில் அவருக்கே உரியதொரு தன்மை உண்டு. அப்பரடிகளின் திருத்தாண்டகத்தையோ திருக்குறுந்தொகையையோ அவர் எடுத்தால், ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தானே விளக்கிக்கொண்டு வரும். புணர்ச்சியால் மறைந்து நிற்குஞ் சொற்களைக்கூடக் கேட்போர் செவிக்குப் பிரித்துக் காட்டும் வண்ணம் நிறுத்திப் பாடுவார். இறைவன் திருப்பெயர் வருமிடத்திற் பிறர் பலரும் குரலை உயர்த்துவர், அவரோ தாழ்த்துவார். உயர்த்திய குரல் மண்டபமெங்கும் நிறையும். தாழ்த்திய குரலைக் கேட்க விழைவோர் தம் மனத்தை அடக்கிக்கொண்டு அருகே வரல்வேண்டும். அங்ஙனம் வந்து நின்று கண்ணீர் பெருக்கியவர் பலர்.

தேவாரம் பாடும் முறை சுத்தாங்கம் என்றும் பண்ணாங்கம் என்றும் இருவகைத்து. தாளத்தொடு படாது பண்ணின் வழியே பாடுவது முன்னையது. பண்ணும் தாளமும் ஒருங்கு பொருந்தப் பாடுவது பின்னையது. நம் ஓதுவாருக்குச் சுத்தாங்கம் கைவந்ததாயிருந்தது. பண்ணாங்கத்தில் மட்டும் அவர் தாளம் ஓரிடத்தில் முந்தும்; ஓரிடத்திற் பிந்தும். பாடசாலையிற் பயின்ற காலத்தே ஆசிரியர் இதனைக் கண்டு கண்டித்ததுண்டு. ஆயினும், கோயிற் பணியேற்ற பின்னர் அக்குறை வெளிப்பட இடமே இல்லாது போயிற்று. பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஐந்தினின்றும் ஒவ்வொரு பாட்டாகப் பஞ்சபுராணம் ஓதுதற்கு முழவு வேண்டுவதில்லை. கேட்பவர் உருகினர்; பாடுபவரும் தம் குறையை மறந்தார்.

முற்காலத்து நிலை இவ்வாறில்லை. முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களை நியமித்த காலையில், அவர்களோடு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் சேர்த்து 50 பேராக நிவந்தஞ் செய்தான் என்பது கல்வெட்டால் விளங்குகின்றது. நாற்பத்தெண்மர் ஒருகுரலாகப் பாடவேண்டுமாயின் அவரைக் கட்டுவது தாளமன்றிப் பிறிதில்லை. தனியே பாடுவோன் தன் பிழையைத் தன் குரலினிமையால் மூடிவிடலாம்; கூடிப் பாடுவோனுக்கு அது கூடாது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்பொழுது, அண்மையிலுள்ள ஊரொன்றில் திருமுறை விழா நிகழ்ந்தது. பிடிலும் மிருதங்கமும் உடன் வைத்துப் பாடுமாறு அன்பர்கள் அழைத்தனர். மறுத்தற்கு அவருக்கு வாய் வரவில்லை. தாண்டகமும் திருவாசகமும் பாடிய அளவும் அவை உருகியிருந்தது. பின்னர் அன்பர் ஒருவர் வேண்டியதற்கிணங்கி, வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்த திருத்தாளச்சதித் திருப்பதிகத்தை எடுத்தார். சொற்கள் அடுக்கடுக்காய் விரைந்து வரும் அப்பதிகம் தாளத்திற்கே பெயர்பெற்றது என்பது அதன் பெயராலேயே போதரும். மூன்றாம் பாட்டில் அவர் எடுப்புத் தவறினார். மிருதங்க வித்துவான் நல்லவர். தம் வாசிப்பைச் சுருக்கி அவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் பாட்டில் மீண்டும் தவறினார். அவையிலிருந்தோர் எவரும் முகஞ் சுளிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் வழக்கம்போற் பொன்னாடை போர்த்தினர்.

அவையோர் பொறுத்த அதனை ஒரு சிறுவனின் கை பொறுக்கவில்லை. ஓதுவாரிடம் அக்காலத்து ஏழு சிறுவர் தேவாரம் பயின்று வந்தனர். அவர்களுள் ஒருவன், பத்து வயதினன், முன்வரிசையில் அமர்ந்து தன் தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தான். ஆசிரியர் தவறியவிடத்து அவன் கை அந்தரத்தில் நின்றது. தான் தவறினானா, ஆசிரியர் தவறினாரா என்று அறியமாட்டாது மருண்டு அவரை நோக்கினான். பின்னர்த் தன் கையைத் திருத்தி, அவர் பிழைத்தபடியே தானும் போட்டான்.

அன்றிரவு அவர் உறங்கவில்லை. பொன்னாடையை மடித்து வைத்த மனைவியார், "விழா நன்றாக நடந்ததா?" என்று வினவியதற்கு, "நடந்தது" என்ற ஒரு சொல்லே விடையாயிற்று. தம் குறை தம்மோடே ஒழிவதாயின் அதனைப் பொறுத்திருத்தல் அவருக்கு அரிதன்று, முப்பதாண்டு பொறுத்தவரே. ஆனால் அது அச்சிறுவன் கையிற் சென்று சேர்ந்துவிட்டது. அவனிடமிருந்து அவன் மாணாக்கருக்குச் செல்லும். செவிவழியாகவே வாழ்ந்துவரும் செல்வம் செவிவழியாகவே கெடுதலும் எளிது.

புறவிருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டி நிற்கும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது சித்தாந்த நூலார் துணிபு. அதனைப் பன்முறை பாடஞ்சொன்னவர் அவர். உருக்கம் என்னும் தம் நிறைவு, தாளத்தளர்ச்சி என்னும் குறையைத் தமக்கே தோன்றாதவாறு மறைத்து வந்ததை அன்றே உணர்ந்தார்.

அக்கோயிலிலேயே தவில் வாசிக்கும் வித்துவான் ஒருவர் இருந்தார். அவருக்கு வயது முப்பதுக்குட்பட்டது. சிறுபிள்ளையாய்க் கோயிற் பிராகாரத்தில் ஓடியாடிய காலந்தொட்டு ஓதுவார் அவரைத் "தம்பி" என்றே அழைப்பார். ஒருநாள் காலைச்சந்தி முடிந்தபின், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் தேங்காயும் வைத்துக்கொண்டு ஓதுவார் அவர் முன் சென்று நின்றார்.

"தம்பி, எனக்குத் தாளஞ் சொல்லித்தர வேண்டும்."

வித்துவான் பதறி எழுந்தார். "ஐயா, தங்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் யான். தாங்கள் இத்தட்டை என்னிடம் நீட்டலாமா?"

"பாட்டுக்கு நீர் என்னிடம் வரலாம். தாளத்திற்கு யான் உம்மிடந்தானே வரவேண்டும்?"

வித்துவான் அத்தட்டைத் தம் கையால் வாங்கவில்லை. அதனைக் கூத்தப்பெருமான் திருமுன் வைக்கச் செய்து, அங்கிருந்தே பாடந் தொடங்கினர்.

முதன்மூன்று திங்கள் ஓதுவாரைப் பாடவே விடவில்லை. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை விளம்ப காலத்திற் போட்டுக் காட்டச் சொன்னார். விரைந்து போடுவது எளிது. ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்த எண்ணிக்கைக்கும் இடையேயுள்ள வெளி அகல அகல, அவ்வெளியைப் பிழையாது கடப்பது அரிதாகும். ஓதுவார் விடியற்காலையில் பிராகாரம் வலம்வருங்கால், பாவிய கல் ஒன்றுக்கு ஓரடியாக வைத்து, மனத்துள்ளே தாளச்சொற்களை உருவேற்றி நடந்தார். ஆற்றுக்குச் செல்லும்பொழுதும் அவ்வாறே. ஐம்பத்திரண்டு வயதினர் சிறுபிள்ளைபோல் எண்ணி எண்ணி அடிவைப்பதைக் கண்டு தெருவிற் சிலர் நகைத்தனர்.

நான்காந் திங்களில், முதற்றிருமுறையின் முதற்பதிகத்தை நட்டபாடையில் தாளத்தோடு பாடச்செய்து, அவர் தவறுமிடந்தோறும் புத்தகத்தில் வித்துவான் ஒரு புள்ளியிட்டுக்கொண்டார். மூன்று மாலை இவ்வாறு நிகழ்ந்தது. பின்னர்ப் புத்தகத்தை ஓதுவாரிடம் நீட்டி, "ஐயா, தாங்களே பாருங்கள்" என்றார்.

ஓதுவார் பார்த்தார். புள்ளிகள் பதிகமெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. பாட்டின் முடிவில் தலப்பெயரும் பெம்மானும் வருமிடத்தில் ஒன்று; இராவணனைச் சொல்லும் எட்டாம் பாட்டில் இரண்டு. அவர் பிந்தியவிடமெல்லாம் அவர் உருகியவிடம். முந்தியவிடமெல்லாம் அவ்வுருகுமிடத்தை நோக்கி மனம் விரைந்தவிடம். தம் பாட்டின் சிறப்பென்று உலகம் எதனைக் கொண்டாடிற்றோ, அதுவே தம் பிழைக்கும் வேர் என்பதை அப்புத்தகம் அவருக்குக் காட்டிற்று.

இதனையறிந்த பின்னர் அவர் செய்தது, செய்யத்தகாததே. வேரை வெட்டினாற் பிழை போய்விடுமென்று எண்ணினார். திருப்பெயர் வருமிடத்தில் நில்லாது கடந்தார். குரலைத் தாழ்த்துவதையும் விட்டார். தாழ்த்தினால் மனம் அங்கே தங்கிவிடும் என்று அஞ்சினார். தாளம் செம்மையுற்றது. வித்துவானும் புள்ளியிட இடமில்லாது இருந்தார். அப்பழக்கம் அர்த்தசாமப் பூசையிலும் வந்து புகுந்தது.

அக்கோயிலில் கண்பார்வையிழந்த முதியவர் ஒருவர் நாள்தோறும் அர்த்தசாமத்திற்கு வந்து, மகாமண்டபத்துத் தூணொன்றிற் சாய்ந்திருந்து தேவாரங் கேட்டுச் செல்வார். ஒருநாள் திருநீறு பெற்றுக்கொண்டு புறப்படுங்கால், "ஓதுவார் ஐயா, உடம்புக்குச் சுகந்தானா?" என்று வினவினார்.

"சுகமே, பெரியவரே. ஏன் கேட்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லை. சில நாளாகப் பாட்டுத்தான் கேட்கிறது."

அவ்வளவே சொல்லிக் கோலூன்றிக்கொண்டு போய்விட்டார். 'பாட்டுத்தான்' என்ற அச்சொல் முன்னாளில் அச்சிறுவனின் கை நின்றதினும் ஆழமாகச் சென்று தைத்தது. தாளமில்லாத உருக்கம் மாணாக்கரைக் கெடுத்தது. உருக்கமில்லாத தாளம் கேட்பாரைக் கைவிட்டது. இரண்டில் ஒன்றையே கொள்ளலாம் என்பதாயின் எதனைக் கொள்வது? பண்ணாங்கத்தையே இனித் தொடுவதில்லை, சிறுவர்களை வேறோர் ஆசிரியரிடம் ஒப்புவித்துவிடலாம் என்னும் அளவுக்கு அவர் மனம் சென்றது. அதனை வித்துவானிடம் சொல்லவும் சொன்னார்.

வித்துவான் நெடுநேரம் பேசாதிருந்து, பின் சொல்லலுற்றார். "ஐயா, தாங்கள் நிற்பது பிழையன்று; அரைகுறையாய் நிற்பதே பிழை. ஓர் எண்ணிக்கை நின்று, போதாதென்று ஒன்றரை நின்று, பின்னர் அடுத்த அடியைப் பிடிக்க ஓடுகிறீர்கள். நிற்கவேண்டுமாயின் ஓர் ஆவர்த்தம் முழுவதும் நில்லுங்கள். எட்டு எண்ணிக்கையும் தங்களுடையதே. அந்நேரம் யான் கையை அடக்கிக்கொள்கிறேன். ஆவர்த்தம் முடிந்ததும் எடுப்பு அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். அதனைப் பிடிக்கத் தாங்கள் ஓடவேண்டுவதில்லை."

இச்சொல் ஓதுவாருக்கு ஒரு கதவைத் திறந்தது. தாளம் தம்மைத் துரத்துவது என்றே அதுவரை எண்ணியிருந்தார். அது தமக்கு இடமளிப்பது என்று அன்று கண்டார். திருப்பெயரில் நிற்க ஓர் ஆவர்த்தம் உண்டு என்ற உறுதி வந்தபின், அதற்கு முன்னுள்ள சொற்களில் விரைவும் தானே அடங்கிற்று. தாழ்ந்த குரல் மீண்டு வந்தது. முன்னினும் அமைதியோடு வந்தது.

யாப்பறிந்தவராதலின், அவர் மேலும் ஒன்று கண்டனர். தேவாரத்திற்குக் கட்டளை என்பது பாட்டின் சீரமைதியைத் தழுவி எழுவது. பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் திருமுறைகண்ட புராணத்தில், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவர் பண்ணடைவை வகுத்த வரலாற்றைக் கூறுமிடத்து, பண்ணுக்கு இத்துணைக் கட்டளை என்று தொகுத்துரைக்கின்றார். சீரும் அசையும் எண்ணி வைத்த பாட்டில் அளவு முன்னரே அமைந்துள்ளது. முழவு அதனை வெளிப்படுத்துவதன்றிப் புதிதாகக் கொணர்வதன்று. சொல்லைப் பிரித்துப் பொருள் தோன்றப் பாடும் திறம் ஓதுவாருக்கு முன்னரே உண்டு. அத்திறத்தையே சிறிது உள்ளே செலுத்திச் சீரைக் கேட்கத் தொடங்கினார். தாளம் கற்க அவர் தம் இயல்பை விட்டு வேற்றிடஞ் செல்ல வேண்டியிருந்ததில்லை. சொல்லின்மேல் வைத்த அன்பே சொல்லின் அளவுக்கும் வழிகாட்டிற்று.

இங்ஙனம் இரண்டாண்டு கழிந்தன. அவர் எல்லாவற்றிலும் வல்லவராயினார் என்று கூறல் உண்மையாகாது. நட்டபாடையிலும் தக்கராகத்திலும் விளம்ப காலத்துப் பதிகங்களைப் பிழையறப் பாடினர். மத்திம காலமும் வசப்பட்டது. ஆனால் விரைந்த நடையுடைய பதிகங்களில் நாவும் மூச்சும் வயதின் வழிப்பட்டு நின்றன. திருத்தாளச்சதி அவருக்கு இறுதிவரையிலும் முழுமையாகக் கைவரவில்லை.

தருமபுரத்தில் நிகழ்ந்த யாழ்முரி வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். அது யாழ்ப்பாணரைப் பெற்ற தாயாரின் ஊர். பதிகங்களின் சிறப்பெல்லாம் அவரது யாழினால் வந்தது என்று சுற்றத்தார் கூற, அதற்கு வருந்திய பாணனார், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினர். பிள்ளையாரும் அவ்வாறே பாடியருளினர். கருவி தோற்றது கண்ட பாணனார் யாழையே உடைக்கப் புகுந்தனர். பிள்ளையார் அதனைத் தடுத்து, யாழை வாங்கி, அடங்கிய அளவில் வாசியும் என்று மீண்டும் அவர் கையிற் கொடுத்தருளினர். பாணனார் அதன்பின் யாழைக் கைவிட்டாரல்லர். நல்லூர்ப் பெருமணத்துச் சோதியிற் புகுமளவும் பிள்ளையாரோடு உடனிருந்து வாசித்தார். எட்டாத அளவொன்று உண்டு என்று அறிந்த பின்னரும் எட்டும் அளவைக் குறைவறச் செய்தலே பணி என்பது அவ்வரலாற்றால் விளங்கும். அதனை ஓதுவார் பன்முறை படித்தவர். கருவியை உடைக்கக் கை எழுந்த நாள் தமக்கும் ஒன்று வாய்த்த பின்னரே அதன் பொருள் அவருக்கு முற்றும் புலனாயிற்று.

வைகாசி மூலத்தில் பிள்ளையார் குருபூசை வந்தது. முன்னர் விழா நிகழ்ந்த அவ்வூரிலேயே மீண்டும் அழைத்தனர். மிருதங்கம் வாசித்தவரும் அவரே. ஓதுவார் நட்டபாடையில் முதற்பதிகத்தை எடுத்தார். திருப்பெயர் வந்தவிடத்திற் குரல் தாழ்ந்தது. ஓர் ஆவர்த்தம் முழுதும் நின்றது. மிருதங்கக்காரர் கையை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தார். எட்டாம் எண்ணிக்கை முடிந்த கணத்தில் அடுத்த சொல் எடுப்பில் வந்து அமர்ந்தது. அவையில் எவருக்கும் அங்கே ஓர் அருஞ்செயல் நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை; தோன்றவேண்டுவதும் இல்லை.

இறுதியில் அன்பர் ஒருவர் திருத்தாளச்சதி கேட்டனர். ஓதுவார் சிரித்து, "அது எனக்கு அடங்காது, இவன் பாடுவான்" என்று, பின்னே அமர்ந்திருந்த மாணாக்கனை முன்னே அழைத்தார். முன்பொருநாள் கை மருண்டு நின்ற சிறுவனே அவன்; இப்பொழுது பன்னிரண்டு வயது. அவன் பாடினான். திருப்பெயர் வந்தவிடத்து அவனும் குரலைத் தாழ்த்தினான். அவ்வாறு செய்க என்று எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஓதுவார் அவனருகே அமர்ந்து, குழித்தாளத்தைக் கையிலெடுத்துப் பதிகம் முடியுமளவும் பிழையாது தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பாலுள்ள குறையை அறிந்து அதனைத் திருத்தப் புகும் அன்பர், தமக்கு இறைவன் அருளிய தன்மையைக் குறையென்று எண்ணிக் களைந்துவிடாது, அதன் வழியே நின்று திருத்துவாராக. அதன்பின்னும் எட்டாது நிற்பது யாதேனும் உளதாயின், அது மாணாக்கர் கையில் நிறைவெய்தும். கோலக்காவிற் பொற்றாளம் ஈந்த பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.